ஆரு சொல்லோணும்? பட்டி நோம்பி ராத்திரியில் ஒரு சொல்லாட்டம்

மாட்டுப் பொங்கலன்று ராத்திரி, காங்கேயம் பக்கம் எங்கள் அப்பாவின் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீடு) 9 பேர் உட்கார்ந்து ஒரு சொல்லாட்டம் ஆடினோம். முதல் ஆட்டத்தில் 13-க்கு 4 எடுத்தோம். சாப்பிட்டுவிட்டு வந்து அதே ஆட்கள், போசியில் (பாத்திரத்தில்) மிச்சமிருந்த சொற்சீட்டுகளை வைத்து மறுபடியும் ஆடினோம். இந்தத் தடவை 13-க்கு 9. சோறு தின்றதில் யாருக்கும் புத்தி கூடிவிடவில்லை. அப்புறம் என்னதான் மாறியது என்று தம்பியும் நானும் மறுநாள் சீட்டுகளையெல்லாம் பொறுக்கி வைத்துக்கொண்டு யோசித்ததன் பலன் இந்த எழுத்து.

ஆட்டம்

பெங்களூரிலிருந்து தம்பி கொண்டுவந்த ஆட்டத்தின் பெயர் ஜஸ்ட் ஒன். லுடோவிக் ரூடி, புரூனோ சோத்தெர் என்ற இரண்டு பேர் வடிவமைத்து 2018-ல் வந்தது. 2019-ல் ஜெர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருது, அதாவது அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற பட்டம், இதற்குக் கிடைத்தது.

ஆடுவது சுலபம். ஒருத்தர் சொல்ல வேண்டியவர். அவருக்கு மட்டும் தெரியாமல் ஒரு சொல் மற்ற எல்லோருக்கும் காட்டப்படும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரே ஒரு சொல்லைக் குறிப்பாக, அடுத்தவருக்குக் காட்டாமல் பலகையில் எழுத வேண்டும். எழுதிய பிறகு தங்களுக்குள் காட்டிக்கொள்வார்கள். இரண்டு பேர் ஒரே சொல்லை எழுதியிருந்தால் இரண்டும் அழிந்துவிடும். மிஞ்சுகிற குறிப்புகளை மட்டும் பார்த்து அவர் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு புள்ளி. 'பாஸ்' என்றால் அந்தச் சீட்டு போச்சு. தப்பாகச் சொன்னால் அந்தச் சீட்டோடு கட்டிலிருந்து இன்னொன்றும் போச்சு. மொத்தம் 13 சீட்டு. எதிரணி கிடையாது. எல்லோரும் ஒரே கட்சி.

இதே வகையில் கோட்நேம்ஸ் என்று ஒன்று உண்டு. 2016-ல் இதே விருதை வாங்கியது. அதையும் தம்பி கொண்டுவந்திருந்தான். ஆனால் 25 சொற்களைத் தரையில் பரப்பி ஒரே நேரத்தில் கண்ணால் மேய வேண்டும், இரண்டு அணியாகப் பிரிய வேண்டும். அப்பாவின் அம்மாவான 82 வயது ஆத்தாவுக்கு முதலாவது ஆகாது. அப்பாவும் அத்தையும் எதிரெதிர் அணியில் உட்கார்ந்தால் எங்கள் வீட்டுக்கே ஆகாது. அதனால் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

ஜஸ்ட் ஒன் அட்டைகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, பழைய தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பலகைக்கு 4 சொல் வீதம் தமிழில் எழுதி மடித்து எவர்சில்வர் போசியில் போட்டோம். 7 பலகைக்கு 28 சீட்டு. ஆட்கள் 9, பெட்டியில் பலகை 7. எழுத்து வேகமாக வராத ஆத்தா, எழுதிக் கொடுக்க என் மகளோடு (11 வயது) ஒரு பலகை. அடுப்படிக்கும் ஆசாரத்துக்கும் (முன்கூடம்) நடந்துகொண்டே இருந்த அம்மாவும் நானும் ஒரு பலகை. அப்பா (61), ஓய்வுபெற்ற தமிழாசிரியை அத்தை, தம்பி, தம்பி மனைவி, அத்தையின் பேரன் (15) ஆளுக்கு ஒன்று. தம்பி மனைவிக்குத் தூத்துக்குடி. இது பின்னால் தேவைப்படும்.

ஆத்தாவுக்கு ஆட்டத்தைப் புரியவைத்தவர் அப்பா. "நம்ம சிவன்மலை உத்தரவுப் பெட்டியாட்டத்தானுங்கம்மா. அதுல ஒரு பொருள வெச்சா ஊரே அர்த்தம் தேடுதில்ல? இதுல ஆளுக்கொரு பொருள வெப்போம். ஒருத்தரு அர்த்தம் சொல்லோணும்." காங்கேயம் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பக்தர் ஒருவர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வதும், கோயிலில் பூக் கேட்டு உத்தரவானதும் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதும், அடுத்த உத்தரவு வரும்வரை இதனால் என்ன நடக்குமோ என்று டீக்கடைதோறும் பழமை (ஊர்க்கதை) பேசுவதும் எங்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆத்தா உடனே, "அப்ப எதைச் சொன்னாலும் பொருந்தும்ன்னு சொல்லு" என்றது. அது வேறு வழக்கு.

முதல் ஆட்டம்

பட்டி நோம்பி (எங்கள் பக்கத்து மாட்டுப் பொங்கல்) முடிந்து, அதற்கென்று கட்டிய சின்னத் தெப்பத்தை மாடு மிதித்துத் தாண்டி, கட்டுத்தரையில் எல்லாம் அடங்கிய பிறகு, பவானி ஜமக்காளத்தை ஆசாரத்தில் விரித்து உட்கார்ந்தோம். கச்சாயம் என்ற வெல்லப் பலகாரத் தட்டு நடுவில்.

முதல் சீட்டு 'சீமாறு'. சொல்ல வேண்டியவர் தம்பி மனைவி. குறிப்புகளைப் பார்த்த மறுநொடி "வாரியல்" என்றாள். தூத்துக்குடிப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். சீட்டில் உள்ள சொல் வரவில்லையே என்று அத்தையின் பேரன் சட்டம் பேசினான். "பொருள் வந்துருச்சல்ல, கூட்டறதுக்கு ஆகுதல்ல" என்று ஆத்தா தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஒரு புள்ளி.

இரண்டாவது 'வேலி'. தம்பி சொல்ல வேண்டும். பலகைகளைத் திருப்பினால் ஆத்தாவும் 'கிளுவை', அப்பாவும் 'கிளுவை'. எங்கள் பக்கம் கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை முள்ளைத்தான் உயிர்வேலியாக வைப்பார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் மாடும். வேலி என்றால் அவர்கள் இருவர் கண்ணிலும் வேறு எதுவும் நிற்காது. ஆட்ட விதிப்படி இரண்டையும் அழித்தோம். அத்தையின் 'கொறங்காடு', எங்கள் 'முள்', தம்பி மனைவியின் 'எல்லை', பேரனின் 'கம்பி' இவை மிஞ்சின. தம்பி சொல்லிவிட்டான். ஆனால் ஆத்தாவுக்குப் புள்ளி வந்தது சந்தோஷமாக இல்லை.

"ரண்டு பேரு ஒரே பேச்சுப் பேசுனா அது நெசமுன்னு அர்த்தம். அதைப் போயி அழிக்கறீங்க."

சிரித்துக்கொண்டு கடந்துவிட்டோம். இப்போது யோசித்தால் முதல் ஆட்டத்தின் நோய் அந்த ஒரு வாக்கியத்தில் முழுசாக இருந்திருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் நாலு பேர் வாக்கு ஒத்துப்போனால் அதற்கு மதிப்பு. இந்த ஆட்டத்தில் ஒத்துப்போனால் தண்டம். ஒரே தோட்டத்தில் 61 வருஷம் ஒன்றாக இருந்த தாயும் மகனும் ஒரே மாதிரி நினைக்காமல் வேறு எப்படி நினைப்பார்கள்?

மூன்றாவது சீட்டை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். சொல் 'கவலை'. எழுதிப் போட்டது ஆத்தா. சொல்ல வேண்டியவன் அத்தையின் பேரன்.

கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். கவலை என்றால் எங்களுக்கு இரண்டு. ஒன்று மனசில் இருப்பது. இன்னொன்று கிணற்று மேட்டில் இருந்தது. மாடு பூட்டி, வடம் என்ற தடித்த கயிற்றில் சால் என்ற பெரிய வாளியைக் கட்டிக் கிணற்றில் இறக்கித் தண்ணீர் இறைப்பதைக் கவலை ஓட்டுவது என்போம். தெற்கே கமலை என்பார்கள். மாடு சரிவில் பின்னால் நடந்து ஏறினால் சால் கிணற்றுக்குள் இறங்கும். முன்னால் நடந்து இறங்கினால் நிறைந்த சால் மேலே வரும். 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைச் சீமைக்கு வந்ததிலிருந்து கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஏற ஆரம்பித்தது. எங்கள் கிணற்றுக்கு அது வந்து சேர ரொம்ப நாள் பிடித்தது. அப்பா பள்ளிக்கூடம் போகும் காலம் வரைக்கும் கவலை ஓடியிருக்கிறது. மனசில் இருக்கிற கவலைக்கு எங்கள் பக்கம் 'வெசனம்' என்று தனியாக ஒரு சொல் உண்டு. ஆகவே ஆத்தா சீட்டில் எழுதியது கிணற்றுக் கவலையைத்தான். அதில் அதற்குச் சந்தேகமே இல்லை.

பலகைகள் திரும்பின. ஆத்தா: சால். அப்பா: வடம். அத்தை: வெசனம். நாங்கள்: வெசனம். தம்பி: டென்ஷன். தம்பி மனைவி: துக்கம்.

வெசனம் இரண்டும் அடிபட்டன. பேரன் முன்னால் சால், வடம், டென்ஷன், துக்கம் நான்கும் நின்றன. பையன் பாவம், சால் என்பதை விட்டுவிட்டான். அது என்னவென்றே அவனுக்குத் தெரியாது. வடம் என்றால் தேர் வடம். தேர், டென்ஷன், துக்கம். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "விபத்து" என்றான்.

"நோம்பி நாளும் அதுவுமா வாயில வர்ற பேச்சப் பாரு" என்று ஆத்தா தலையில் அடித்துக்கொண்டது. அத்தை பேரனுக்குப் பரிந்து பேச, கவலைக்கு எது முதல் அர்த்தம் என்று ஐந்து நிமிஷம் வாக்குவாதம். இரண்டு சீட்டு போச்சு.

நாலாவது எனக்கு. அம்மாவும் நானும் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டோம். உள்ளே எழுதி முடித்துக் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சத்தம் வந்தது.

"கள்ளக்காயும் கடலைக்காயும் ஒண்ணுதானுங்க மாமா!"

"அதெப்படி? எழுத்து வேற."

"அப்ப நான் எழுதுன நிலக்கடலை?"

இதைக் கேட்ட பிறகு உள்ளே போய் நான் என்ன சொல்வது? பாஸ் சொல்லிவிட்டேன். சொல் 'செக்கு'. பலகைகளைப் பார்த்தால் அப்பா கள்ளக்காய், அத்தை கடலைக்காய், தம்பி நிலக்கடலை. ஆத்தா மாடு. பேரன் 'கையெழுத்து' என்று எழுதியிருந்தான். அவன் நினைத்தது பேங்க் செக்கு. தம்பி மனைவி எழுதியிருந்தது வ.உ.சி. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்ததைத் தூத்துக்குடிக்காரி மறப்பாளா? கடலைத் தகராறு காதில் விழாமல் இருந்திருந்தால் அந்த ஒரு குறிப்பே எனக்குப் போதும்.

உச்சரிப்பில் ஒன்றாக இருந்து எழுத்தில் மாறினால் ஒரே சொல்லாகக் கொள்ள வேண்டும், ஒரே வேரில் பிறந்த சொற்களையும் அழிக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்கில் கள்ளக்காய் கடலைக்காயின் பேச்சுத் திரிபு, இரண்டும் அடிபடும். நிலக்கடலை? அதிலும் கடலை இருக்கிறதே. அத்தை மூன்றையும் அழிக்கச் சொன்னார். தம்பி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. நான் அத்தை கட்சி. ஆனால் சீமாறுக்கு வாரியலை ஏற்றுக்கொண்ட வீட்டில் இதைக் கறாராகப் பேச வாய் எழவில்லை.

அடுத்து அத்தையின் முறை. சொல் 'சோப்பு'. அப்பாவும் தம்பி மனைவியும் 'துணி' எழுதி அடிபட்டார்கள். ஆத்தாவும் பேரனும் 'ஷாம்பு' எழுதி அடிபட்டார்கள். ஆத்தா ஷாம்பு எழுதியதா என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டோம். மிஞ்சியது தம்பியின் 'நுரை', எங்கள் 'குமிழி'. அத்தை "பால்" என்றார். தப்பு. பலகைகளைக் காட்டியதும் ஆத்தா, "நான் எங்க ஷாம்புன்னேன்? அரப்புன்னல்ல சொன்னேன்!" என்றது. என் மகள், அரப்பு என்றால் யாருக்குப் புரியும் என்று தானாகவே 'ஷாம்பு' என்று மாற்றி எழுதியிருக்கிறாள். நல்ல எண்ணம்தான். அத்தைக்கோ வாராவாரம் தலைக்கு அரப்புத் தேய்த்தே பழக்கம். அந்தக் குறிப்பு அப்படியே வந்திருந்தால் சோப்பைப் பிடித்திருப்பார்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். ஆத்தாவுக்கு 'ஸ்டார்ட்அப்' வந்தது, பாஸ். அப்பாவுக்கு 'மீம்' வந்தது. மூன்று பேர் சிரிப்பு, இரண்டு பேர் போன். எல்லாம் அடிபட்டு தம்பியின் 'டெம்ப்ளேட்' மட்டும் நின்றது. அப்பா அதைப் படித்துவிட்டு நம்பிக்கையாக "டெம்போ" என்றார். தயிரும் கிரிக்கெட்டும் கரையேறின. கடைசியில் பேரனுக்கு 'மொய்'. அவன் பாஸ் சொல்ல ஆட்டம் முடிந்தது. சரி 4, பாஸ் 3, தப்பு 3. தப்புக்கு இரட்டைக் கழிவு, ஆகக் கணக்கு 13.

சாப்பாட்டு இடைவேளை

அரிசியும் பருப்பும் சாதம், மேலே ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கிய நெய். சாப்பிடும்போதும் பேச்சு இதுதான். தம்பியின் கட்சி, சொல் தெரியாததுதான் கோளாறு, பெரியவர்களுக்குப் புதுச் சொல் தெரியவில்லை, சின்னவர்களுக்குப் பழைய சொல் தெரியவில்லை என்பது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் போசியிலிருந்து எடுத்த சீட்டுகளை வைத்துப் பார்த்தால் அது பாதிதான் சரி. கவலை என்ற சொல் பேரனுக்குத் தெரியும். சோப்பு அத்தைக்குத் தெரியும். சொல்ல வேண்டிய சொல் தெரியாமல் தோற்றது ஸ்டார்ட்அப்பும் மீமும் மட்டும்தான்.

அத்தை வேறு ஒரு இடத்தைத் தொட்டார். 30 வருஷம் பாடம் எடுத்தவர், கையைக் கழுவிக்கொண்டே ஆரம்பித்தார். விடுகதையைத் தொல்காப்பியம் 'பிசி' என்கிறது, அதை இரண்டு வகையாகப் பிரிக்கிறது: 'ஒப்பொடு புணர்ந்த உவமத்தானும் தோன்றுவது கிளந்த துணிவினானும்'. ஒன்று, ஒப்புமை சொல்லிக் கண்டுபிடிக்க வைப்பது. இன்னொன்று, அந்தப் பொருளிடம் தெரிவதையே சொல்லிக் கண்டுபிடிக்க வைப்பது. "நாம எல்லாரும் ரண்டாவதையே எழுதிட்டு இருக்கோம். வேலிக்குக் கிளுவை, சோப்புக்குத் துணி, மீமுக்குப் போன். பக்கத்துல இருக்கறதை எடுத்து வெக்கறோம். எல்லாருக்கும் பக்கத்துல ஒண்ணேதான் இருக்கும், அடிபடும். இல்லாட்டி அவங்கவங்களுக்குப் பக்கத்துல இருக்கறது அடுத்தவனுக்குத் தெரியாது."

ஆத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஊசி நொழையாத கெணத்துல ஒரு படி தண்ணி" என்றது.

"தேங்காய்" என்று என் மகள் கத்தினாள். அவள் கிணற்றில் தண்ணீர் இறைத்ததில்லை. ஆனால் கிணறு தெரியும், ஊசி தெரியும். போதுமாக இருந்தது.

அப்புறம் ஆத்தா சொன்னது இன்னும் முக்கியம். நான் அப்போது அதைக் கவனிக்கக்கூட இல்லை, மறுநாள் தம்பிதான் ஞாபகப்படுத்தினான். "நீங்க சீட்டைப் பாத்ததும் எழுதறீங்க. ஆரு சொல்லோணும்ன்னு ஒருத்தராவது பாத்தீங்களா?"

இரண்டாவது ஆட்டம்

மூன்று விஷயத்தை மாற்றினோம். ஆத்தா சொன்னதை என் மகள் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுத வேண்டும். சொல்ல வேண்டியவர் திண்ணையோடு நிற்காமல் கட்டுத்தரை வரைக்கும் போய்விட வேண்டும், குறிப்பு அடிபடுகிறதா இல்லையா என்ற தகராறை வாய் திறக்காமல் விரலால் முடிக்க வேண்டும். மூன்றாவது ஆத்தாவின் கட்டளை. சீட்டைப் பிரித்ததும் எழுதக் கூடாது. அவர் எழுந்து போகிற முதுகைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

நிஜமாகவே முதுகைப் பார்த்தோம். இருட்டில் கட்டுத்தரைக்கு டார்ச் அடித்துக்கொண்டு போகிற அத்தையின் முதுகைப் பார்த்துவிட்டு எழுதுவது வேறு மாதிரிதான் இருந்தது.

இதிலும் வினை உண்டு. நாலாவது சுற்றில் அப்பா போனார். சொல் 'தங்கம்'. அப்பா மஞ்சள் விவசாயி, ஈரோட்டு மார்க்கெட் விலையைப் பார்க்காமல் காலையில் காப்பி குடிக்காதவர். அவருக்காக யோசித்தோம் அல்லவா? ஆத்தா, அத்தை, நாங்கள், தம்பி மனைவி, நாலு பலகையிலும் 'மஞ்சள்'. நாலும் அடிபட்டன. தம்பியின் 'ஏறுமுகம்', பேரனின் 'பீரோ' மட்டும் நின்றன. அப்பா வந்து பார்த்து, பீரோ மேல் ஏற வேண்டும் போலிருக்கிறது என்று "ஏணி" என்றார். ஆள் பார்த்து எழுதுவதில் உள்ள சிக்கல் இது. ஒருத்தரை எல்லோரும் ஒரே மாதிரி தெரிந்து வைத்திருந்தால் குறிப்பும் ஒரே மாதிரி வந்து விழும். அப்பா என்றால் மஞ்சள் என்று ஒரு வீடே நினைத்திருக்கிறது. அவருக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். "எனக்கு வேற ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சுட்டீங்களாக்கும்" என்றார். அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு தப்பு அதுதான்.

ஏழாவது சுற்றில் பேரன். சொல் 'பாஸ்வேர்டு'. ஆத்தாவுக்கு அந்தச் சொல்லை என் மகள் காதில் விளக்கினாள். போன் திறக்கணும்னா யாருக்கும் தெரியாம ஒண்ணு சொல்லணும், அதான். ஆத்தா இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு 'கொத்துச்சாவி' என்றது. பலகையில் அப்படியே வந்தது. அது ஆத்தா இடுப்பில் எப்போதும் தொங்குவது. அட்டாலிப் பெட்டியிலிருந்து கச்சாயம் எடுக்க அதைக் கெஞ்சி வாங்காத பேரப்பிள்ளை எங்கள் வீட்டில் கிடையாது. பையன் மற்ற குறிப்புகளைப் பார்க்கக்கூட இல்லை என்றான். அதை நான் முழுக்க நம்பவில்லை, பக்கத்தில் தம்பியின் 'ஓடிபி' இருந்தது.

பத்தாவது சுற்றில் ஆத்தாவும் என் மகளும் எழுந்தார்கள். முட்டி வலியோடு கட்டுத்தரை வரை நடக்க வேண்டாம் என்று அடுப்படிக்கு அனுப்பினோம். சீட்டைப் பிரித்தால் 'லிஃப்ட்'. தம்பி மனைவி எழுதிப் போட்டது.

இதோடு தொலைந்தோம் என்று நினைத்தேன். ஆத்தா லிஃப்டில் ஏறியது ஒரே ஒரு தடவை, போன வருஷம் கண் ஆபரேஷனுக்குப் போனபோது. அப்பா அதை வைத்து 'ஆஸ்பத்திரி' எழுதினார். அத்தையும் தம்பி மனைவியும் 'மாடி' எழுதி அடித்துக்கொண்டார்கள். தம்பி 'பட்டன்'. நானும் அம்மாவும் 'பெட்டி'. அத்தையின் பேரன் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எழுதவில்லை. காட்டச் சொன்னோம். இரண்டே எழுத்து.

சால்.

யாரும் பேசவில்லை. விரலால்தான் பேச வேண்டும் என்ற விதி அதற்கு வசதியாக இருந்தது.

என் மகள் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். ஆத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. "ஆஸ்பத்திரி. பட்டன். பெட்டி. சால்." சால் என்றதும் கண்ணைத் திறந்தது. "ஆஸ்பத்திரியில ஏது சாலு?" கை தானாக மேலும் கீழும் போனது, வடத்தைப் பிடித்த மாதிரி. "பெட்டியாட்ட... மேல போகும், கீழ வரும்... அட, அன்னிக்கு என்னைய நிக்க வெச்சு மேல தூக்கீட்டுப் போனீங்களே, அதென்ற பேரு... லிப்டு!"

அப்பா எழுந்து நின்று கை தட்டினார். பேரன் காது வரை சிவந்துபோய் கச்சாயத்தை வாயில் போட்டுக்கொண்டான்.

சீட்டுகளைப் பிரித்துப் பார்த்ததில்

மறுநாள் தம்பியும் நானும் இரண்டு ஆட்டக் குறிப்புகளையும் அத்தை சொன்ன இரண்டு வகையாகப் பிரித்து அடுக்கினோம். முதல் ஆட்டத்தில் ஒப்புமைக் குறிப்பு என்று தேடினால் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இரண்டாவதில் மிச்சமிருந்து வேலை செய்தவற்றில் கணிசமானவை ஒப்புமை. அவற்றில் ஒன்றுகூட இன்னொன்றோடு மோதி அடிபடவில்லை. இது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். பொருளோடு ஒட்டிக்கொண்டிருக்கிற சொல் எல்லோர் வாயிலும் முதலில் வரும், அதனால் மோதும். ஒப்புமையை ஒவ்வொருத்தரும் தனித்தனி இடத்திலிருந்து எடுக்கிறார்கள், அதனால் மோதாது.

ஆனால் ஒப்புமை மட்டும் போதாது. லிஃப்டுக்குப் பேரன் 'ராக்கெட்' என்று எழுதியிருந்தால் அதுவும் ஒப்புமைதான், ஆத்தாவுக்கு எட்டியிருக்காது. அவன் எடுத்தது ஆத்தாவிடம் இருந்த சால். ராத்திரி எட்டு மணிக்கு அவனுக்கு அர்த்தமே தெரியாமல் தோற்ற அதே சொல். தோற்ற பிறகு கவலை என்றால் என்ன என்று நடந்த ஐந்து நிமிஷ வாக்குவாதத்தை நாங்கள் நேர விரயம் என்று நினைத்தோம். அவன் அதில் சாலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். ஆத்தாவும் அப்படித்தான், பாஸ்வேர்டுக்குக் கொடுத்தது பையன் தினமும் பார்க்கிற சாவியை. கொடுத்தவர்கள் இருவருமே தன் பொருளை விட்டு அடுத்தவர் கைக்கெட்டுகிற பொருளைத் தேடியிருக்கிறார்கள்.

தம்பி இதை ஒப்புக்கொண்டாலும் இரண்டாவது ஆட்டத்தில் சொற்கள் சுலபமாக வந்தன என்று ஒரு வாதம் வைக்கிறான். அதிலும் உண்மை உண்டு. இட்லி, குடை, பம்புசெட்டு எல்லாம் அதில்தான் வந்தன. பழக்கத்தில் கை தேர்ந்திருப்போம் என்பதையும் கழிக்க வேண்டும். 4-லிருந்து 9-க்கு ஏறிய ஐந்து புள்ளியில் ஆத்தாவின் கட்டளைக்கு இரண்டு, மகள் மாற்றாமல் எழுதியதற்கு ஒன்று, மிச்சம் சீட்டு அதிர்ஷ்டம் என்று பங்கு பிரித்திருக்கிறோம். அண்ணன் தம்பி பாகப் பிரிவினை மாதிரி இதிலும் இரண்டு பேருக்கும் திருப்தி இல்லை.

மறுநாள் பூப்பறிக்கிற நோம்பி. ஆவாரம்பூ பறிக்கப் போகிற வழியில் பேரன் அப்பாவை விடவில்லை. மாடு எப்படிப் பின்னால் நடக்கும் என்று கேட்டான். பழைய கிணற்று மேட்டில் கவலைக் கல் இரண்டும் இன்னும் நிற்கின்றன, சரிவு முழுக்கக் கோரை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொட்டத்தில் கிடந்த கயிற்றைத் தோளில் போட்டு, மேட்டைப் பார்க்க முதுகைக் காட்டியபடி ஒவ்வொரு எட்டாகப் பின்னால் ஏறிக் காட்டினார். பக்கத்தில் நின்று என் மகள் கத்திக்கொண்டிருந்தாள்: "செகண்ட் ஃப்ளோர்... ஃபர்ஸ்ட் ஃப்ளோர்... கிரவுண்டு!"